ஒன்பதாவது இலக்கம்

"மேடம், இது போன் நம்பர் இல்ல. ஒரு இலக்கம் குறையுது. லாட்டரிச் சீட்டும் இல்ல. வண்டி நம்பரா இருந்தா அந்த வண்டியை நிறுத்த ரெண்டு தெரு வேணும்."

ரேடியோ தன் முடிவை அறிவித்துவிட்டு மேஜையிலிருந்த தேநீரை எடுத்துக் குடித்தான். அது மேடத்தின் தேநீர். அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மேடம் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மரணக் கோரிக்கைகளை விசாரித்தவள். செத்துப்போனதாகக் காகிதம் கொடுத்தவர்கள் வேறு ஊரில் வேறு மீசையோடு உலவுவதைக் கண்டுபிடிப்பது அவள் வேலையாக இருந்தது. இப்போது மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகத் துப்பறிகிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். மதிய இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். தன் செல்போனை மேஜைமேல் வைத்திருந்தாள். அதில் வருடத்துக்கு ஒன்றாக வந்த குறுஞ்செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

7
73
739
7393
73939
739391
7393913
73939133
739391337

"எங்க அண்ணன் அனுப்பினது மேடம். ஒவ்வொரு வருஷமும் அம்மா பிறந்த நாளன்னிக்கு வரும். வேற ஒரு வார்த்தை இருக்காது. நான் 'அம்மா நல்லா இருக்காங்க'னு பதில் போடுவேன். அதுக்குள்ள போனை அணைச்சிடுவான். திரும்பக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டான்."

"ஏன் வீட்டை விட்டுப் போனார்?"

"அவன் காலேஜ்ல கணக்கு படிச்சிட்டிருந்தான். அப்பா பெயிண்ட் அடிக்கிறவர். ஒரு தடவை சாரத்துல இருந்து விழுந்து கை உடைஞ்சதும், படிச்சது போதும், வேலைக்கு வாடான்னாரு. பெரிய சண்டை. 'இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னுட்டாரு. அவனும் மிதிக்கல."

"இந்த எண்கள்?"

"போறப்ப என்கிட்ட மட்டும் சொன்னான். நான் அப்ப ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். 'ஒரு ரயில் விடப்போறேன். வருஷத்துக்கு ஒரு பெட்டி மாட்டுவேன். ரயில் நிறைஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவேன்'னான்."

"எப்ப நிறையும்னு சொன்னாரா?"

"சொல்லல மேடம். நானும் கேட்கல. அவன் எப்பவும் அப்படித்தான் பேசுவான்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அம்மாவுக்கு இதயம் சரியில்ல. முன்னெல்லாம் டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாரு. இப்ப ரிப்போர்ட்டைப் பார்த்தே பேசறாரு. அம்மா ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்கணும்ங்கறாங்க. ரயில் நிறையற வரைக்கும் அவங்களால காத்திருக்க முடியாது."

"கடைசிச் செய்தி வந்தப்போ அம்மா என்ன சொன்னாங்க?"

"சந்தோஷப்பட்டாங்க. பையன் எங்கயோ உசுரோட இருக்கானேன்னு."

மேடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த எண்களைத் தன் செல்போனில் படமெடுத்து, அண்ணனின் பழைய புகைப்படம் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை அனுப்பிவைத்தாள்.

"ரேடியோ, உனக்குக் கணக்கு எப்படி?"

"கணக்கு வாத்தியாரும் நானும் ஒரே முடிவுக்கு வந்து பிரிஞ்சோம் மேடம். அவர் என்னைப் பாஸ் போடக்கூடாது, நான் அவரைத் தெருவுல பார்த்தா வணக்கம் வைக்கக்கூடாது."

"அப்ப கணக்கு தெரிஞ்ச ஒருத்தரைப் பார்ப்போம். வா."

கல்லூரியில் கணிதப் பேராசிரியை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே மேடம் நீட்டிய செல்போனை எட்டிப் பார்த்தார். பேனா தானாகக் கீழே போனது.

"இதை எங்கே பிடிச்சீங்க?"

"தெரிஞ்ச எண்ணா?"

"நல்லாத் தெரியும்." பேராசிரியை கட்டைவிரலால் கடைசி ஏழை மறைத்தார். "ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இது ஒரு பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. ஆனா விஷயம் அது மட்டும் இல்ல. வாலிலிருந்து ஒரு இலக்கத்தை வெட்டுங்க. மிச்சம் இருக்கிறதும் பகா எண். இன்னொண்ணு வெட்டுங்க. அதுவும் பகா எண். கடைசியில ஏழு மட்டும் நிக்கும். அதுவும் பகா எண்தான்."

"பல்லி வால் மாதிரி," என்றான் ரேடியோ.

"பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும் தம்பி. இதுக்கு முளைக்காது."

"அப்படின்னா?"

"எட்டு இலக்கத்தோட இது முடிஞ்சுது. நீங்களே பின்னால ஒண்ணு சேர்த்துப் பாருங்க."

"ரெண்டு."

"இரட்டைப்படை. ரெண்டால உடையும். நாலு, ஆறு, எட்டு, பூஜ்யம் எல்லாத்துக்கும் அதே கதி."

"அஞ்சு?"

"அஞ்சால உடையும்."

"ஒண்ணு?"

"இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க. முப்பத்தொன்பது வரும். மூணால உடையும். ஏழு போட்டா நாற்பத்தஞ்சு. அதுவும் மூணால உடையும்."

"மூணும் ஒன்பதும் பாக்கி இருக்கே?" ரேடியோ விடவில்லை.

"அது ரெண்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உடைக்கப் பெரிய எண்கள் வேணும். ஆனா உடையும். இந்த வகையில இதைவிடப் பெரிசா ஒண்ணு கிடையவே கிடையாது. அதுக்கு நிரூபணம் இருக்கு. யார் உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காது." பேராசிரியை கட்டைவிரலை எடுத்தார். மறைந்திருந்த ஏழு திரும்ப வெளியே வந்தது. "இந்தக் கடைசி ஏழை ஒட்டினது யாருங்க? கணக்கு தெரிஞ்ச ஆள் இல்ல."

மேடத்தின் முகம் மாறியதை ரேடியோ கவனித்தான். படிக்கட்டு இறங்கும்வரை பொறுத்தான்.

"கூட்டல்ல தப்பு விட்டிருப்பான் மேடம். மனுஷன்தானே."

"கடைசிப் பெட்டி எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முதல் பெட்டியை மாட்டினவன் அவன். எட்டு வருஷம்னு தனக்குத்தானே தண்டனை போட்டுக்கிட்டு, அதைத் தங்கச்சிகிட்ட ரயில்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அப்படிப்பட்டவன் ஒன்பதாவது பெட்டியை மாட்டமாட்டான்."

"அப்போ..."

"போன வருஷமே ரயில் நிறைஞ்சிடுச்சு. அவன் வீட்டுக்குக் கிளம்பியிருக்கணும். வந்து சேரல. இந்த வருஷம் வந்த செய்தி அவன் அனுப்பினது இல்ல. அந்தக் குடும்பம் அவன் உயிரோட இருக்கான்னு எதை வச்சு நம்புதோ, அதுதான் அவன் உயிரோட இல்லைங்கறதுக்குச் சாட்சி."

"ஞாபகம் தப்பிப் போயிருக்கலாம். ஜெயில்ல இருக்கலாம். எங்கயாவது கல்யாணம் பண்ணிக்கிட்டு..."

"ரேடியோ."

"சொல்லுங்க மேடம்."

"கொஞ்ச நேரம் அணைச்சு வை."

அவன் வாயை மூடினான். கோபத்தில் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் கோபத்தில் சொல்லவில்லை.

செல்போன் கம்பெனியில் மேடத்துக்கு ஒரு பழைய தோழி இருந்தாள். அந்த சிம் கார்டுக்கு எங்கே பணம் போடப்படுகிறது என்பதை மட்டும் சொன்னாள். அது பஸ்ஸில் அரை நாள் பயணத்தில் இருந்த ஊர். மறுநாளே போனார்கள். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் ஒரு ரீசார்ஜ் கடை. எதிரே ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம், குளிர்பதனக் கிடங்கு. கடைக்காரர் புகைப்படத்தைப் பார்த்ததும் தலையசைத்தார்.

"கம்ப்ரசர் ரூம்ல இருந்தவரு. சில்லறை பாக்கியைக் கணக்குப் போடறதுல என்னைவிட வேகம். ஒரு வருஷமாக் காணோம். ஊருக்குப் போயிட்டாருன்னாங்க. அந்த நம்பருக்கு இப்ப கிடங்கு ஆபீஸ்ல இருந்து வந்து பணம் போடறாங்க."

கிடங்கு மேனேஜரின் அறையில் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. அவர் வெகு மரியாதையாக நாற்காலி காட்டினார். புகைப்படத்தைப் பார்த்து உடனே சிரித்தார்.

"நம்ம ஆளுதான். எங்கேயும் போயிடல. வேற ஊர் கிளைக்கு மாத்தியிருக்கோம். இங்கிருந்து ரொம்ப தூரம். வீட்டு ஆளுங்களைப் பார்க்க அவருக்கு இஷ்டம் இல்ல மேடம். அது அவர் சொந்த விஷயம். வேணும்னா பேசுங்களேன்."

தன் போனில் யாரையோ அழைத்து, மெதுவாக இரண்டு வார்த்தை பேசி, மேடத்திடம் நீட்டினார்.

"சொல்லுங்க," என்றது ஒரு ஆண் குரல். "நான் நல்லா இருக்கேன். என்னைத் தேட வேண்டாம்னு வீட்ல சொல்லிடுங்க."

அந்த நேரத்தில் கட்டடத்துக்குள் எங்கேயோ ஒரு மணி மூன்று முறை அடித்தது. மேடம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. அடுத்த பெட்டிக்கு என்ன நம்பர்?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு," என்றது குரல். லைன் அறுந்தது.

"திருப்தியா மேடம்?" மேனேஜர் எழுந்துவிட்டார்.

"ரொம்ப. கழிவறை எந்தப் பக்கம்?"

வெளியே போகுமுன் ரேடியோவை ஒரு பார்வை பார்த்தாள். அவன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கணும். எங்க மாமாவுக்குப் பத்து டன் கேரட் இருக்கு. கேரட்டுக்கு எவ்வளவு குளிர் தாங்கும்? அதுக்கு ஜலதோஷம் பிடிக்குமா?"

மேடம் கழிவறையைத் தாண்டி நடந்தாள். அந்த மணி ஒரே சமயத்தில் சுவருக்குப் பின்னாலிருந்தும் போனிலிருந்தும் கேட்டிருந்தது. அது எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் போனாள். நடைபாதையின் கடைசியில் கனமான இரும்புக் கதவு. திறந்ததும் அமோனியா நெடி மூக்கை அறுத்தது. உள்ளே இரண்டு கம்ப்ரசர்கள் உறுமின. குழாய்களில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. சுவரில் ஒரு வாயு முகமூடி தொங்கியது. வாங்கி வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதற்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரும் ஈரத் துணிகளும்.

கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒருவன் கையில் செல்போனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழவும் இல்லை, ஓடவும் இல்லை.

"வேற ஊர் கிளை ரொம்பப் பக்கத்துலயே இருக்கே," என்றாள் மேடம்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணுன்னு சொன்னியே. ஏன் மூணு?"

"எதைச் சொன்னா என்ன மேடம். எதைச் சொன்னாலும் தப்புதானே."

மேடம் அவனை உற்றுப் பார்த்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அவன்தான் சொன்னான். எனக்குக் கணக்கெல்லாம் வராது. ஆனா வருஷா வருஷம் அந்தச் செய்தியை என் பக்கத்துல உட்கார்ந்துதான் அனுப்புவான். போன வருஷம் எட்டாவதை அனுப்பிட்டு என்னைக் கட்டிப் பிடிச்சான். 'ரயில் நிறைஞ்சிடுச்சு. இனிமே கடவுளே வந்தாலும் ஒரு பெட்டி மாட்ட முடியாது. நாளைக்கு வீட்டுக்குப் போறேன்'னான். பஸ் டிக்கெட்டைக்கூடக் காட்டினான்."

"அப்புறம்?"

"அன்னிக்கு ஷிஃப்ட் முடியற நேரம் வால்வு பிச்சிக்கிச்சு. மெஷினை நிறுத்திடலாம்னு போன் பண்ணினோம். நிறுத்தினா சரக்கு கெட்டுடும், ஓட விட்டுக்கிட்டே மூடுங்கன்னாரு மேனேஜர். முகமூடியை எடுத்தா கணக்குக் கேட்பாங்க. அதனால ஈரத் துணியை மூஞ்சில கட்டிக்கிட்டு அவன் உள்ளே போனான். நான் போகல." அவன் மஃப்ளரின் நுனியை முறுக்கினான். "வால்வை மூடிட்டான் மேடம். மூடிட்டுத்தான் வெளியே வந்து விழுந்தான்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"லாரியில ஏத்தினாங்க. ஊருக்கு வெளியே ரோட்டோரத்துல இறக்கிட்டாங்க. வண்டியில அடிபட்ட மாதிரி. பையையும் டிக்கெட்டையும் பாய்லர்ல போட்டாங்க. போனை மட்டும் மேனேஜர் வச்சுக்கிட்டாரு. இந்த வருஷம் அந்த நாள் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, 'வீட்டுக்கு ஏதோ நம்பர் அனுப்புவானாமே, அதையே அனுப்பு, அவங்க தேடாம இருப்பாங்க'ன்னாரு. பின்னால ஒரு இலக்கம் சேர்க்கணும் சார்னு சொன்னேன். ஏழு எனக்கு ராசின்னாரு. போட்டேன்."

"எட்டோட முடிஞ்சதுன்னு அவர்கிட்ட சொல்லல."

"சொல்லல." முதல்முறையாக அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த வீட்ல யாராவது ஒருத்தர் கணக்குப் போட்டுப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு மேடம். என்னால முடிஞ்சது அந்த ஒரு இலக்கம்தான்."

"இதைப் போலீஸ்ல சொல்வியா?"

அவன் வாயைத் திறக்குமுன் இரும்புக் கதவு திறந்தது. மேனேஜர் நின்றிருந்தார். பின்னால் ரேடியோ, சட்டைக் காலர் கசங்கி.

"கேரட் விஷயம் அவர் நம்பல மேடம்," என்றான்.

"என்னடா சொல்லிட்டிருக்கே இவங்ககிட்ட?" மேனேஜரின் குரலில் அவசரமே இல்லை.

மஃப்ளர்காரன் கம்ப்ரசர் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒண்ணும் இல்ல சார். வழி தெரியாம வந்துட்டாங்க. கழிவறை எங்கேன்னு கேட்டாங்க."

மேடம் மேனேஜரை நேராகப் பார்த்தாள். "நீங்க அனுப்பின எண் பகா எண் இல்ல, மூணால வகுபடுது. அவன் அதை அனுப்பியிருக்க முடியாது."

மேனேஜர் உண்மையிலேயே யோசித்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து வழிவிட்டார்.

"கோர்ட்டுக்குப் போங்க மேடம். கூண்டுல ஏறி நின்னு, 'ஐயா, இது மூணால வகுபடுது'ன்னு சொல்லுங்க. என்ன தீர்ப்பு வருதுன்னு எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான்."

காவல் நிலையத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். அடையாளம் தெரியாத ஆண். வாகனம் மோதி மரணம். உரிமை கோர யாரும் வராததால் தகனம். மேடம் தன் பையிலிருந்த பழைய படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். எட்டு வருடம் கூடியிருந்தது. முகம் அதுதான்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. முழுக்கதையையும் கேட்டார். "சாட்சி சொல்ல அந்த ஆள் வருவானா?"

"வரமாட்டான்."

"உடம்பு இல்ல. பை இல்ல. டிக்கெட் இல்ல. வேலையை விட்டு நின்னுட்டான்னு அவன் கையெழுத்தோட ஒரு காகிதம் காட்டுவாங்க. நான் எதைம்மா எழுதறது?"

 மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பும்போது ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். ஊர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"செத்துட்டான்னு மட்டும் சொல்லுங்க மேடம். வீட்டுக்குக் கிளம்பிட்டான்னு சொல்லாதீங்க. அவங்க அப்பா தாங்கமாட்டாரு."

"பின்ன, கடைசி வரைக்கும் தன்னை மன்னிக்காமலே செத்தான்னு அவர் நினைச்சுக்கட்டுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

வீடு சின்னது. முன்னறையில் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. தங்கை கதவைத் திறந்தாள். மேடத்தின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. உள்ளறையிலிருந்து, "யாரும்மா வந்திருக்கா?" என்று பலவீனமான குரல் கேட்டது.

"கடையில இருந்து வந்திருக்காங்கம்மா," என்று சொல்லிவிட்டு அவள் போய் உள்ளறைக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் சாய்ந்தபடியே நின்றுகொண்டாள்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வளைந்து கூடிய இடது கையில் வெள்ளைச் சாயம் காய்ந்திருந்தது. மேடம் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சொன்னாள். வால்வை மூடியதைச் சொன்னாள். ரயில் எட்டாவது பெட்டியோடு நிறைந்துவிட்டதைச் சொன்னாள். டிக்கெட் எடுத்திருந்ததையும் சொன்னாள்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் உள்ளே போய்விடக் கூடாது என்று முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ரேடியோ அவள் பக்கத்தில் போய், என்ன செய்வதென்று தெரியாமல் தானும் தரையில் உட்கார்ந்தான்.

அப்பா அழவில்லை. கையில் காய்ந்திருந்த சாயத்தை நகத்தால் சுரண்டினார்.

"எந்த பஸ்ஸும்மா?"

"காலையில அங்கிருந்து கிளம்பற பஸ் ஐயா."

"இங்கே எப்ப வந்து சேரும் அது?"

"நாங்களும் அதுலதான் வந்தோம். மத்தியானம் ஆயிடும்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்டதுபோல இருந்தது முகம்.

"மத்தியானம் சாப்பிட நான் வீட்டுக்கு வந்துடுவேன்," என்றார். "நான்தான் கதவைத் திறந்திருப்பேன்."